தங்கபாய் மீட்ட கரை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் தங்கபாய்க்கும் நாலு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. பேச்சுவார்த்தை இல்லை என்றால் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடைக்கு அந்தக் கரையில் நின்று அவள் ஏசுவாள், இந்தக் கரையில் நின்று நான் ஏசுவேன். அவளைப் பற்றி நான் நல்லபடியாக எழுதுகிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் பாதிப்பேர் நம்பமாட்டார்கள்.

ஊர் தாழங்கோணம். மணவாளக்குறிச்சியிலிருந்து வடக்கே வண்டியில் இருபது நிமிஷம். ஓடையை நாங்கள் தோடு என்போம். தோட்டின் இரண்டு பக்கமும் தாழ்ந்து கிடக்கிற வயல்வெளிக்கு ஏலா என்று பேர். மழைக்குத் தோடு நிறைந்தால் தண்ணீர் ஏலாவில் ஏறிப் பரவும், வண்டலைப் போடும், இரண்டு நாளில் இறங்கிவிடும். தோடும் ஏலாவும் அப்படித்தான் ஒன்றுக்கொன்று ஒத்தாசையாக இருந்தன. நாங்கள்தான் கெடுத்தோம். நாங்கள் என்றால் ஊரைச் சொல்லவில்லை. முக்கியமாக இரண்டு பேர்: அவளும் நானும்.

தங்கபாய் பதினாறு வயதில் அண்டியாபீஸுக்குப் போனவள். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு இங்கே அதுதான் பேர். இருபத்தெட்டு வருஷம் கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெந்து கறுத்துப்போய், ரேஷன் கடை மெஷினில் அவள் கைரேகை விழாது. கடைக்காரப் பெண் "அடுத்த விரல், அடுத்த விரல்" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பத்தும் முடிந்ததும் தங்கபாய், "இனி கால் வெரல்தான் மக்கா இருக்கு, வைக்கட்டா?" என்பாள். வரிசையே சிரிக்கும். அந்த வாய்தான் அவளுக்குச் சொத்து, எனக்கு எரிச்சல்.

புருஷன் சுந்தரராஜ் மினிபஸ் ஓட்டினான். நல்ல மனுஷன், அதிர்ந்து பேசமாட்டான். அவளே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள் என்பதாலோ என்னவோ. இரண்டாயிரத்துப் பதினாலில் நெஞ்சுவலி வந்து போய்விட்டான். எங்கள் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பங்களில் சொந்த நிலத்திலேயே அடக்கம் செய்கிற வழக்கம் உண்டு. தங்கபாய் வீட்டுக்குப் பின்னால், தோட்டுக்கரை மேட்டில், சுந்தரராஜின் அப்பா, அம்மா, அடுத்தது அவன் என்று மூன்று கல்லறைகள். அவனுக்கும் தோட்டுக்கும் நடுவில் ஆறடி இடம் விட்டிருந்தார்கள். அது தங்கபாய்க்கு. இதில் துக்கப்பட ஒன்றுமில்லை. பஸ்ஸில் புருஷன் பக்கத்துச் சீட்டில் துண்டு போட்டு வைத்ததுபோல அவள் அதைப் பற்றிப் பேசுவாள்.

இனி அவள் செய்த கெடுதலைச் சொல்கிறேன்.

அண்டியாபீஸை விட்டபிறகு அவள் நூறு நாள் வேலைப் பெண்களுக்குத் தலைவியானாள். பதினாறாம் வருஷம் மழைக்கு முன்னால் தோட்டில் குப்பை எடுக்கிற வேலை வந்தது. சொன்னது குப்பை எடுக்க மட்டும்தான். ஆனால் முந்திரிப் பருப்பில் ஒரு துளித் தோல் ஒட்டியிருந்தால்கூடப் பொறுக்காத கை அது, குப்பையோடு நிற்குமா? இரண்டு கரையிலும் புதராக நின்ற தாழையை, முள் குத்துகிறது, பாம்பு அடைகிறது என்று சொல்லி வேரோடு பிடுங்கவைத்தாள். அடியில் கிடந்த மணலையும் வாரி எடுத்துத் தோட்டைக் கோடு போட்டதுபோல நேராக்கினாள். முப்பது பெண்கள், பத்து நாள். வேலைக்கு முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம் எடுத்தார்கள். ஊரே மெச்சியது. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இப்பதான் தோடு பாக்க லெச்சணமா இருக்கு" என்றேன்.

ஓர் இடத்தை மட்டும் அவர்கள் தொடவில்லை. மேலே, தோடு வளைகிற இடத்தில் எங்கள் குடும்பத்து நாகர் காவு இருக்கிறது. நாலு நாகர் சிலை, சுற்றிலும் மரமும் தாழையும். காவுக்குள் கத்தி வைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டு. தங்கபாயும், "அது அவங்க வீட்டுப் பாம்பு, அவங்களே பாத்துக்கிடட்டு" என்று ஆட்களைத் திருப்பிக் கூட்டிவந்துவிட்டாளாம்.

அடுத்த வருஷம் ஒக்கிப் புயல் அடித்தது. அன்றைக்குக் காற்று செய்ததைத்தான் எல்லாரும் பேசுவார்கள், தண்ணீர் செய்ததைப் பேசமாட்டார்கள். பிடித்துக்கொள்ள ஒரு வேர் இல்லாத கரை, நேராக்கி வைத்த தோடு. தண்ணீருக்குக் கொண்டாட்டம். வெளிச்சம் வந்து பார்த்தபோது சுந்தரராஜின் கல்லறை இருந்தது. தங்கபாயின் ஆறடி இல்லை.

அடுத்த கெடுதல் என்னுடையது. எதிர்க்கரை ஏலாவில் எனக்கு நிலம். ஒக்கியைப் பார்த்துப் பயந்துபோய், மணல் ஆலையில் ஸ்டோர் கீப்பர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, நூற்றிருபது அடிக்கு ஆள் உயரக் கருங்கல் சுவர் எழுப்பினேன். கெட்டு என்போம். எங்கள் ஆட்களுக்குக் கருங்கல் கெட்டு என்றால் ஒரு கிறுக்கு. கையில் நாலு காசு வந்தால் மாடி எடுப்பதற்கு முன்னால் கெட்டுதான். மேஸ்திரி குமாரதாஸ் நூல் பிடித்ததுபோலக் கட்டித் தந்தான். இனிமேல் என் வயலுக்குள் தோடு எட்டிக்கூடப் பார்க்காது என்று நெல்லை விட்டுவிட்டு ஏத்தன் வாழை வைத்தேன். மீசையைத் தடவிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

தண்ணீர் எங்கே போகும்? என் கெட்டில் மோதித் திரும்பி அவள் கரையைத் தின்றது. இருபத்தொன்றாம் வருஷ மழையில் சுந்தரராஜின் கல்லறைக்குக் கீழேயே மண் சரிந்து, ஒரு மூலை அந்தரத்தில் நின்றது. கெட்டு எழும்பிய நாளிலிருந்து நடந்த ஏச்சில் தன் இடம் போனதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காத தங்கபாய், அன்றைக்குப் புருஷனுக்காகக் கரையில் வந்து நின்றாள்.

"ஓய் குலசேகரன்! செத்த மனுசனயும் நிம்மதியாட்டு கெடக்க விடமாட்டீரா ஓய்?"

"எனக்க எடத்துல நான் கெட்டுவேன். ஒனக்கு வேணும்னா நீயும் கெட்டிக்கோ!"

"நான் கெட்டுனா வெள்ளம் கீழ பெமிலாக்க அடுக்களைக்குள்ள போவும். அவ கெட்டுனா அவளுக்குக் கீழ உள்ளவளுக்குப் போவும். கடைசில கடலுக்குள்ளயும் ஒரு கெட்டு கெட்டுவோமா?"

எதிராளி நியாயம் பேசினால் எனக்குக் கோபம் இரண்டு மடங்காக வரும். ஏதோ கத்திவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

அவளுடைய ஒரே மகன் லிஜோ குவைத்தில் இருக்கிறான். வீடியோவில் கல்லறையைப் பார்த்துவிட்டு ஆடிப்போனான். அப்பாவின் எலும்பை எடுத்து சர்ச் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிடலாம் என்றான். தோட்டோரம் அவளுக்குக் கீழ்வீட்டுக்காரி பெமிலா பக்கத்தில் இருந்து கேட்டாள். பெமிலா கேட்டால் ஊருக்கே கேட்டதுபோல.

"அங்க அவரு பக்கத்துல எனக்கு எடம் உண்டா மக்கா?" என்றாளாம் தங்கபாய்.

"அங்க வரிசைப்படிதான் அம்மா. யாரு முந்துதாவளோ அவங்களுக்கு."

"அப்ப நான் ஆருன்னே தெரியாத எவன் பக்கத்துலயோ போய்க் கெடக்கணுமா? ஒனக்க அப்பாகிட்ட நான் இன்னும் பேசி முடிக்கல்ல லேய்!"

கடைசியில் லிஜோ ஒரு கெடு வைத்தான். அடுத்த ஐப்பசிக்கு லீவில் வருவான். அதற்குள் கரை நின்றால் நிற்கட்டும், இல்லையென்றால் எடுத்துவிட வேண்டியதுதான்.

மறுநாளிலிருந்து தங்கபாய் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு தோட்டுக்குள் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். தினமும் காலையில் கீழிருந்து மேலே, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்ணீரோடு தண்ணீராக. கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நான் என் மனைவி தாணம்மாளிடம் சொன்னேன். "ஒங்களவிட ரெண்டு வயசு எளையவ" என்றாள் அவள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் வாசலில் வந்து நின்றாள். நாலு வருஷத்தில் முதல் தடவை. தாணம்மாள் சாயா போட்டுக் கொடுத்தாள். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சாரே, தாழையப் புடுங்குனது நாந்தான். தப்பு எனக்க பேருலதான். மொதல்ல அத சொல்லிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தங்கபாய் தப்பு என்று ஒப்புக்கொண்டு நான் அதுவரை கேட்டதில்லை.

"தோடு முழுக்க நடந்து பாத்தேன்" என்றாள். "ஒங்க காவுகிட்ட மட்டும் கரை ஒரு அங்குலம் போவல்ல. தாழை கெட்டியாட்டு புடிச்சு நிக்கி. அங்க வெள்ளம் கணுக்காலுக்குத்தான் கெடக்கு, பக்கத்து ஏலாலயும் ஏறுது. ஆனா காவு தாண்டி நாலடி கீழ எறங்குன ஒடனே இடுப்பளவு பள்ளம். படி வெட்டுனது மாதிரி. மழைக்கு மழை அந்தப் படி மேல ஏறிட்டு வருது சாரே. இன்னும் ரெண்டு மழைல நாகரும் தோட்டுக்குள்ள எறங்கிருவாரு."

அவள் கேட்டது இரண்டு. காவிலிருந்து தாழைக் கன்று. அவள் கல்லறை மேட்டுக்கு எதிரே என் கெட்டில் நாற்பதடி திறப்பு.

நான் எழுந்துவிட்டேன். "காவுல கத்தி வைக்கப்படாது! கெட்டுல கை வைக்கப்படாது! போ, போய்ச் சோலியப் பாரு!"

அவள் கோபப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் கிளப்பியது. "கெட்டு கெடக்கட்டு சாரே. ஒரு தடவ தோட்டுல எறங்கி வாங்க. கெட்டுக்க அடியில கைய விட்டுப் பாருங்க. பெறவு போன்னா போறேன்."

விட்டால் ஓயமாட்டாள் என்று வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினேன். நாலு வருஷமாக என் கெட்டை நான் மேலிருந்துதான் பார்த்திருக்கிறேன். கீழிருந்து பார்த்தால், அடித்தளக் கல்லே தண்ணீருக்கு மேலே தெரிகிறது. தோட்டின் அடி அவ்வளவு இறங்கியிருந்தது. குனிந்து கல்லுக்கடியில் கையை விட்டேன். மணிக்கட்டு போனது, முழங்கை போனது, தோள்வரைக்கும் போனது. உள்ளே ஒன்றுமே இல்லை. குமாரதாஸ் நூல் பிடித்துக் கட்டிய கெட்டு வெறும் தண்ணீரின்மேல் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து வழுவழுவென்று என்னமோ விரலைச் சுற்றியது. நான் போட்ட சத்தம் மெயின் ரோடு வரைக்கும் கேட்டதாம்.

"வெலாங்கு மீனு சாரே" என்றாள் தங்கபாய். "ஒங்க கெட்டுக்க அடியில குடும்பம் நடத்துது."

வேடிக்கை பார்க்கக் கரையில் கூடிவிட்ட பெண்கள் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது. எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த நாலு வருஷத்தில் என் கிணற்றில் மோட்டார்க் குழாயை இரண்டு தடவை கீழே இறக்கியிருந்தேன். தோடு தாழ்ந்தால் கிணறும் தாழும் என்பது, ஸ்டோரில் ஆயிரம் சாமான் வைத்து நிர்வாகம் செய்த என் மூளைக்கு அதுவரை ஏறவில்லை.

அப்படியும் நான் உடனே சரி என்று சொல்லவில்லை. வீம்பு. சரி சொன்னவள் தாணம்மாள். அந்த மாதம் ஆயில்யத்தன்று காவில் நாகருக்கு மஞ்சளும் பாலும் வைத்துக் கும்பிட்டோம். கும்பிட்டு முடித்ததும் அவள் தாழைப் புதரில் கையை விட்டு, வேர்விட்ட ஒரு பக்கக்கன்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பறித்தாள். முள் கிழித்து ரத்தம் வந்தது.

"என்னட்டி செய்யுத? நாகரு கோபிப்பாரு!" என்று பதறினேன்.

"கத்திதான வைக்கப்படாது? எனக்க கையில கத்தி இருக்கா?" என்றாள். "அவருக்க வீடே போவப்போவுது, அவரு எதுக்குக் கோபிக்காரு? கோபம் ஒங்களுக்குத்தான்." தோட்டைக் கடந்து போய் அந்தக் கன்றைத் தங்கபாய் கையில் கொடுத்தாள். ஒரு கிறிஸ்தவப் பெண், நாகர் காவிலிருந்து வந்த கன்றை இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். நான் அழவில்லை, அன்றைக்கு.

பங்குனியில் தண்ணீர் வற்றியதும் வேலை தொடங்கியது. குமாரதாஸைக் கூப்பிட்டு நாற்பதடியை உடைக்கச் சொன்னேன். "நான் கெட்டுனத நானே ஒடைக்கியதா? நல்ல கத!" என்று தலையிலடித்துக்கொண்டான். உடைத்த கல்லைத் தோட்டுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஏழு வரிசையாக வைத்தோம். தண்ணீர் தாண்டிப் போகும், மணல் தங்கும், அடி உயரும் என்பது தங்கபாயின் கணிப்பு. அவள் கரையில் செங்குத்தாக நின்ற மண்ணைச் சரிவாக வெட்டி, பூவரசங் கம்புகளை நட்டு, தென்னை ஓலையால் பின்னி, பின்னால் தொண்டு என்று நாங்கள் சொல்கிற தேங்காய் மட்டையை நிரப்பினார்கள். அடியோரத்தில் தாழை. ஒவ்வொரு கன்றும் கையால் பறித்ததுதான். முப்பது பெண்கள் கையிலும் முள் கீறல். ஆறு வருஷத்துக்கு முன்னால் பிடுங்கிய அதே பெண்கள்.

ஆனி மழையில் இரண்டு கல்வரிசை போய்விட்டது. குமாரதாஸ் பழக்கதோஷத்தில் அவற்றையும் கெட்டுபோல மட்டம் பார்த்து நேராக வைத்திருந்தான். தண்ணீர் இரண்டு ஓரத்தையும் அறுத்துக்கொண்டு போய்விட்டது. தங்கபாய் அவனைப் பிடி பிடி என்று பிடித்தாள்.

"நடுவுல தாழ்த்தி வை, ரெண்டு தலையையும் கரைக்குள்ள பொதைச்சு வை! வெள்ளத்துக்கு வழி விடணும் லேய், மல்லுக்கு நிக்கப்படாது!" மிச்சம் நின்ற ஐந்தையும் பிரித்து, ஏழு வரிசையையும் மறுபடி வைத்தார்கள்.

ஐப்பசி வந்தது, லிஜோவும் வந்தான். கரையைப் பார்த்தான். குச்சியும் ஓலையும் தொண்டும் அவனுக்குக் குருவிக்கூடாகத் தெரிந்திருக்க வேண்டும். போதகரிடம் பேசி, எலும்பை மாற்றுவதற்குச் செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்துவிட்டான். தங்கபாயின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. சனி முழுக்கக் கொட்டியது. ஞாயிறு காலையில் தோடு இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு செம்மண் நிறத்தில் உறுமியது. சர்ச்சுக்குப் போனவர்கள் பாதியில் திரும்பிவந்து குடையோடு கரையில் நின்றார்கள். லிஜோ அப்பாவின் கல்லறைக்கு முன்னால் நனைந்துகொண்டே நின்றான். தண்ணீர் ஓலைப் பின்னலைத் தொட்டது, ஏறியது, கல்லறை மூலைக்கு ஒரு சாண் கீழே வந்தது. தங்கபாய் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபமா, ஏச்சா தெரியவில்லை.

அப்போது என் திறப்பில் தண்ணீர் ஏறியது. முதலில் நாக்கு மாதிரி ஒரு கீற்று. பிறகு நாற்பதடி அகலத்துக்கும் ஒரே வீச்சாக என் வயலுக்குள் நுழைந்தது. ஏத்தன் வாழைக்குள் புகுந்து, அடுத்த வயல், அதற்கடுத்த வயல் என்று ஏலா முழுக்கப் பரவியது. உறுமல் அடங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், யாரோ ரேடியோவைக் குறைத்தது போல அடங்கியது. குலை தள்ளின என் வாழை இருநூறும் தண்ணீரில் நிற்கிறது, நான் என்ன செய்தேன் தெரியுமா? கைதட்டினேன். அறுபத்திரண்டு வயதுக்காரன், மழையில் நின்று, சின்னப்பிள்ளைபோலக் கைதட்டினேன்.

"ஏறுது! ஏலால ஏறுது! தங்கபாயி, கண்ணத் தொற!"

அவள் திறந்தாள். கல்லறை மேட்டுக்குக் கீழே தண்ணீர் வேகமில்லாமல் தாழைக் கன்றுகளுக்குள் நுழைந்து நுழைந்து போனது. ஒரு கட்டி மண் சரியவில்லை. பெமிலா கீழேயிருந்து போனில் கத்தினாள், அவள் அடுக்களைக்குள் சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று. லிஜோ சேற்றோடு அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "போதகருக்குப் போன் போடு லேய், செவ்வாக்கிழம வேற சோலி இருக்குன்னு சொல்லு" என்றாள் தங்கபாய். அன்றைக்கு நானும் அழுதேன். மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை.

புதன்கிழமை தண்ணீர் வடிந்தபோது ஓலைப் பின்னலுக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு வண்டல் கிடந்தது. வாழை பாதி அழுகிப்போனது, போகட்டும். அடுத்த போகத்துக்கு நெல் விதைத்தேன். மூன்று மழைக்காலம் ஆயிற்று. தோட்டின் அடி உயர்ந்து கல்வரிசைகள் மணலுக்குள் போய்விட்டன, காவுக்குக் கீழே இருந்த படி தூர்ந்துபோனது, என் கிணற்றில் குனிந்து மொள்ளலாம் என்கிற அளவுக்குத் தண்ணீர். தாழை ஆள் உயரம். பாம்பும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. எலிக்குத்தான் கஷ்டம்.

போன மாதம் லிஜோ லீவில் வந்து, டேப் வைத்துக் கல்லறையிலிருந்து கரைவிளிம்பு வரைக்கும் அளந்தான். ஏழடி. மழைக்கு மழை வண்டல் சேர்ந்து, பெண்கள் மண் சுமந்து மேடாக்கி, வேர் பிடித்து இறுகிய ஏழடி. போனது ஆறு, வந்தது ஏழு. தங்கபாய் குமாரதாஸைக் கூப்பிட்டு, தலைமாட்டில் வைக்க ஒரு கல் செதுக்கச் சொன்னாள். பேரும் பிறந்த வருஷமும் வெட்டினான்.

"மத்த வருசத்துக்கு எடம் விடணுமா அக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"விடு, விடு. அதுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். "காவுக்கு மேல இன்னும் முந்நூறு அடி கரை மொட்டையாட்டு கெடக்கு. அத முடிக்காம நான் எங்கயும் வரமாட்டேன்னு அவருகிட்ட சொல்லியாச்சு." பிறகு தோட்டுக்கு இக்கரையில் நின்ற என்னைப் பார்த்து, "என்ன ஓய், பாத்துக்கிட்டு நிக்கீரு? மம்பட்டிய எடுத்துட்டு வாரும்!" என்றாள்.

எடுத்துக்கொண்டு போனேன்.